மூலிகையும் ஆய்வும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் படித்தவன் என்று தெரிந்தால் போதும், பேச்சு எப்படியும் மூலிகைப் பக்கம் திரும்பிவிடும். ஆண்டுகள் போகப் போக, கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை என்று தெரிந்தது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிலாகச் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போவதால் எண் போட்டிருக்கிறேன்.

1. மூலிகையில நிஜமாவே மருந்து இருக்கா, இல்ல எல்லாம் நம்பிக்கைதானா?

நிஜமாகவே இருக்கிறது. செடியால் ஓடி ஒளிய முடியாது. பூச்சி, பூஞ்சை, மேய வரும் விலங்கு எல்லாவற்றையும் நின்ற இடத்திலிருந்தே சமாளிக்க வேண்டும். அதற்காக அது விதவிதமான வேதிப்பொருள்களைத் தனக்குள் தயாரித்துக்கொள்கிறது. அவற்றில் சில நம் நரம்பையும் இதயத்தையும் குடலையும் கூட அசைத்துப் பார்க்கும்.

கசகசாச் செடியின் பாலிலிருந்து மார்பின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைன் கிடைத்தது 1820இல். சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து 1952இல் பிரிக்கப்பட்ட ரெசர்பின், ரத்த அழுத்தத்துக்கு வந்த முதல் நல்ல மருந்துகளில் ஒன்று. சளிக்குக் கொடுக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து உருவானது. கோடிக்கணக்கான சர்க்கரை நோயாளிகள் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினுக்கும் கலேகா என்ற செடிதான் மூதாதை. ஆகவே "செடிக்கு என்ன சக்தி இருக்கப்போகிறது" என்று கேட்பவர், தான் சாப்பிடும் மாத்திரையின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

2. அப்போ செடியையே அப்படியே சாப்பிட்டா போதுமே, மாத்திரை எதுக்கு?

அளவுக்காகத்தான். டிஜிட்டாலிஸ் செடியின் இலை உடல் வீக்கத்தைக் குறைக்கிறது என்று 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். அவருடைய நூலில் பெரிய பாடுபட்டு விளக்கியிருப்பதே எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான். ஏனென்றால் அந்த இலையில் குணப்படுத்தும் அளவும் கொல்லும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு செடியின் இலையில் இருப்பது இன்னொரு செடியில் இரண்டு மடங்காக இருக்கலாம். அதே செடியில் மழைக்கு முன்னும் பின்னும் வேறுபடலாம். இன்று அந்த இனச் செடியிலிருந்து எடுக்கும் டிகாக்சின் என்ற மருந்தை மாத்திரையாக, மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்து, தேவைப்பட்டால் ரத்தத்தில் அதன் அளவையும் பார்க்கிறார்கள்.

நித்தியகல்யாணியை நினைத்துப் பாருங்கள். முதலில் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்றுதான் அதைச் சோதித்தார்கள். 1950களில் கனடா ஆய்வாளர்கள், அதன் சாறு எலிகளின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கவனித்தார்கள். அங்கிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளுக்கு வழி பிறந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டினுக்கு இன்றும் இடம் உண்டு. ஆனால் ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதையும் நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். இலையை மென்றால் புற்றுநோய் போகாது, வயிறும் நரம்பும்தான் பாதிக்கப்படும்.

எல்லாச் செடியும் இப்படி இல்லை. இசப்கோல் உமியை உமியாகவே சாப்பிடலாம், அதில் பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. எந்தச் செடி எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

3. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது"ன்னு போட்டிருக்காங்களே, நம்பலாமா?

எதன் மேல் நடந்த ஆய்வு என்று முதலில் கேளுங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லா, எலியா, மனிதரா? மூன்றையுமே "ஆய்வு" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது.

தட்டில் இருக்கும் புற்றுநோய்ச் செல்லை ஒரு சாறு கொன்றது என்பது பெரிய செய்தி அல்ல. உப்புக் கரைசலைக் கொஞ்சம் கெட்டியாக ஊற்றினாலும் அந்தச் செல் செத்துவிடும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவைத்ததா, குடலைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, ரத்தத்தில் அதே அளவுக்குச் சேருமா என்பவைதான் கடினமான கேள்விகள். அந்தக் கேள்விகளுக்குத் தட்டில் பதில் இல்லை. மூலிகைகளைப் பற்றி வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. அது ஆய்வாளர்களின் குற்றம் இல்லை, மனிதர்களிடம் சோதிக்கப் பணமும் காலமும் நிறைய வேண்டும். முதல் படியில் நிற்பதைக் கடைசிப் படி என்று விளம்பரம் செய்வதுதான் குற்றம்.

4. எலிக்கு வேலை செஞ்சா நமக்கும் செய்யும்தானே?

சில நேரம் செய்யும், பல நேரம் செய்யாது. எலியின் கல்லீரல் வேறு, வேகம் வேறு. நாம் சோதனைக்கு எடுக்கும் எலிகளுக்குப் பெரும்பாலும் நோயும் நாம் வரவழைத்ததுதான்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சுண்டெலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனிதருக்கு மாற்ற வழக்கமாக 12.3ஆல் வகுப்பார்கள். கிலோவுக்குச் சுமார் 16 மில்லிகிராம் வரும். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அது காய்ச்சிச் செறிவாக்கிய சாறு. பத்துக் கிராம் இலைப் பொடியிலிருந்து ஒரு கிராம் சாறு கிடைக்கும் என்றால், தினமும் பத்துக் கிராம் பொடி சாப்பிட வேண்டும். அரைக் கிராம் மாத்திரையில் அந்த எலியின் பலனை எதிர்பார்க்க முடியாது.

5. மஞ்சளைப் பத்தி ஆயிரக்கணக்கில ஆய்வு வந்திருக்கே, அதுவுமா போதாது?

எண்ணிக்கை போதும், முடிவுதான் போதவில்லை. மஞ்சள் பொடியில் கர்க்குமின் என்ற பொருள் எடையில் சுமார் 3 சதவீதம் இருக்கிறது. 2017இல் மருந்து வேதியியல் வல்லுநர்கள் சிலர் கர்க்குமின் பற்றிய ஆய்வுகளை எல்லாம் எடுத்து அலசினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருந்தும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் தெளிவாக வென்றது ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் கர்க்குமின் பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும், தானே ஒளிரும், சிதையும். அதனால் எந்தச் சோதனையில் போட்டாலும் "வேலை செய்கிறது" என்று கருவி காட்டிவிடும்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. மூட்டுத் தேய்மான வலியில் ஓரளவு குறைவு காட்டிய சிறு சோதனைகள் இருக்கின்றன. அவற்றை நான் தள்ளிவிடவில்லை, பெரிய சோதனையில் நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

அடிப்படைச் சிக்கல், கர்க்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கு கூடியது என்று 1998இல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. பிறகு பல கர்க்குமின் மாத்திரைகளில் மிளகுச் சத்து சேர்ந்தது. பைப்பரின் அதைச் செய்வது, அந்நியப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளை மந்தமாக்கித்தான். இதன் விளைவை 10ஆம் கேள்வியில் பாருங்கள். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லவில்லை. செறிவூட்டிய மாத்திரை வேறு பொருள். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றி இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிக்கைகள் வந்திருக்கின்றன.

6. கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு நல்லதுன்னு விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்களே?

இந்தக் கதையை முழுதாகச் சொல்லியே ஆக வேண்டும். மூலிகை ஆய்வு எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், சென்னை ஆய்வாளர்கள் தியாகராஜன் உள்ளிட்டோர், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த நோபல் அறிஞர் பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். மருந்து முடிந்து 15 முதல் 20 நாளில் பார்த்தபோது, 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணவில்லை. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. 59 சதவீதத்துக்கு 4 சதவீதம்! உலகமே திரும்பிப் பார்த்தது, அதில் வியப்பில்லை.

அடுத்து நடக்க வேண்டியது நடந்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் வேறு குழுக்கள் அதே வகைச் செடியைச் சோதித்தன. அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன்? செடி வளர்ந்த மண் வேறாக இருக்கலாம், கீழாநெல்லி சேர்ந்த ஃபிலாந்தஸ் பேரினத்தில் நெருங்கிய இனங்கள் மாறியிருக்கலாம், தயாரிப்பு முறை வேறாக இருக்கலாம். அல்லது முதல் சோதனை சிறியது என்பதால் தற்செயலாக அப்படி விழுந்திருக்கலாம். 2011இல் எல்லாச் சோதனைகளையும் தொகுத்த காக்ரேன் ஆய்வு, ஹெப்படைட்டிஸ் பி-க்கு இதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை என்று முடித்தது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. முதல் குழு தான் கண்டதை எழுதியது, இது தொடக்கநிலை ஆய்வு என்று சுருக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லி. ஆனால் முதல் செய்தி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது, இரண்டாவது செய்தி வரவே இல்லை. இன்னொன்று, மஞ்சள் காமாலை என்பது நோயே அல்ல, அறிகுறி. ஹெப்படைட்டிஸ் ஏ-யால் வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், கணையத்தில் கட்டி வந்தாலும் மஞ்சளாகும். காரணம் தெரியாமல் சாறு குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

7. ஆனா எங்க பாட்டிக்கு அதுலதான் குணமாச்சு. அது பொய்யா?

பாட்டி குணமானது உண்மை. எதனால் குணமானார் என்பதுதான் கேள்வி, 6இல் சொன்ன ஹெப்படைட்டிஸ் ஏ மாதிரி தானே அடங்கும் நோய்கள் நிறைய உண்டு. நாம் மருந்து தேடுவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பேர் போகும். மருந்து சாப்பிட்டோம் என்ற நிம்மதியும் வலியைக் குறைக்கும், அது நடிப்பில்லை.

இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதி என்ன என்று பார்க்கத்தான் இரண்டு குழு பிரித்து, ஒன்றுக்குப் போலி மருந்து கொடுக்கிறார்கள். மூலிகையில் இது கஷ்டம். கசப்பும் மணமும் காட்டிக்கொடுத்துவிடும், போலியையும் அதே கசப்பில் செய்ய வேண்டும். அதைச் செய்தார்களா என்று கட்டுரையில் பார்ப்பது என் வழக்கம்.

8. ஆயிரம் வருஷமா பயன்படுத்துறாங்க. அதைவிட என்ன சான்று வேணும்?

நீண்ட காலப் பழக்கம் எங்கே தோண்டுவது என்று காட்டும். இதற்கு ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்துதான் சாட்சி. வியட்நாம் போர்க் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடி, 1967இல் சீனா ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ பழைய மருத்துவ நூல்களைப் புரட்டி ஏராளமான குறிப்புகளைத் தொகுத்தார். ச்சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. அப்போது நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: செடியை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி. காய்ச்சச் சொல்லவில்லையே! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில், 191ஆம் எண் மாதிரி, எலிகளின் மலேரியாவை முழுதாக ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தானே குடித்துப் பார்த்தார். 2015இல் நோபல் பரிசு. பழைய நூல் இல்லாமல் அந்த மருந்து இல்லை, ஆய்வுக்கூடம் இல்லாமலும் இல்லை.

ஆனால் பழக்கத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. குடித்தவுடன் வாந்தி வந்தால் அந்தச் செடியை ஊரே ஒதுக்கிவிடும். பத்து வருஷம் கழித்துச் சிறுநீரகம் கெட்டால், யார் அதை அந்தச் செடியோடு சேர்த்துப் பார்ப்பார்கள்? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. அவர்களில் பழுதான சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிக்கொண்ட 39 பேரைச் சோதித்தபோது, 18 பேருக்குப் புற்றுநோயும் இருந்தது. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனம். பல மரபுகளில் நெடுங்காலம் மருந்தாக இருந்த இனம். அதில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் இப்போது சந்தேகம் இல்லை.

9. இயற்கையானதுக்குப் பக்கவிளைவு கிடையாதுதானே?

விளைவு இருந்தால் பக்கவிளைவும் இருக்கும். 2ஆம், 8ஆம் பதில்களிலேயே இதற்கு விடை இருக்கிறது. அன்றாடம் புழங்கும் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரையில் அதன் முக்கியப் பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

சீந்தில் பற்றியும் கேட்கிறார்கள். கொரோனாக் காலத்தில் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். பிறகு இந்தியாவின் வேறு நகரங்களிலிருந்தும் அதே போன்ற அறிக்கைகள் வந்தன. ஆயுஷ் அமைச்சகம், அது வேறு இனச் சீந்திலாக இருக்கலாம் என்று மறுத்தது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று புகழப்படும் ஒன்று, எதிர்ப்புச் சக்தி தவறிப் போனவருக்குக் கெடுதலாக முடிவது எனக்கு முரணாகத் தெரியவில்லை. தைராய்டு, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

10. டாக்டர் கொடுத்த மாத்திரையோட சேர்த்துச் சாப்பிடலாமா?

கேட்காமல் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி லேசான மனச்சோர்வுக்குப் பலன் தருகிறது, அதற்கு நல்ல சான்றே உண்டு. ஆனால் அது கல்லீரலின் மருந்து உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். இண்டினாவிர் என்ற எச்ஐவி மருந்தோடு சேர்த்தபோது, உடலுக்குக் கிடைத்த மருந்து சராசரியாக 57 சதவீதம் குறைந்தது. மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர் இதைச் சாப்பிட்டதில், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இறங்கி, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதை 2000இல் சூரிச் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கருத்தடை மாத்திரையும் இதனால் பயனற்றுப் போகலாம்.

பைப்பரின் இதற்கு நேர் எதிர்த் திசை. நொதியை மந்தமாக்குவதால், வலிப்பு மருந்து ஃபெனிடாயின் போன்றவை ரத்தத்தில் அளவுக்கு மேல் தேங்கலாம். பூண்டு மாத்திரை, ஜின்கோ மர இலைச் சத்து போன்றவற்றை ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு சேர்த்தால் ரத்தக் கசிவு கவலை உண்டு. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே மூலிகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

11. ஒரே செடி. ஒரு ஆய்வில் பலன்னு சொல்றாங்க, இன்னொண்ணுல இல்லைங்கிறாங்க. யாரை நம்புறது?

அது ஒரே செடிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். "பிரம்மி" என்று சிலர் நீர்ப்பிரம்மியைச் சொல்வார்கள், சிலர் வல்லாரையைச் சொல்வார்கள். இரண்டும் வேறு குடும்பம், வேறு வேதியியல். அதனால்தான் கட்டுரையில் தாவரவியல் பெயர் இல்லை என்றால் மேலே படிக்க வேண்டாம் என்கிறேன். அப்புறம் வேரா இலையா, நீரில் எடுத்ததா ஆல்கஹாலில் எடுத்ததா என்று பார்க்க வேண்டும். தூ யூயூ கதையில் காய்ச்சியதற்கும் காய்ச்சாததற்கும் இடையில்தான் நோபல் பரிசே இருந்தது.

எல்லாம் ஒன்றாக இருந்தும் முடிவு மாறினால், பெரிய சோதனைக்கு அதிக எடை கொடுங்கள். ஜின்கோ மறதி நோயைத் தடுக்கும் என்று சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் சுமார் ஆறு வருஷம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஜின்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கும் மறதி நோய் வந்தது. தடுக்கவில்லை.

12. நாம வாங்குற சூரணமும் ஆய்வில் கொடுத்ததும் ஒண்ணுதானா?

உறுதி சொல்ல முடியாது. ஆய்வில் கொடுத்தது பெரும்பாலும் முக்கியப் பொருள் எத்தனை சதவீதம் என்று அளந்து தயாரித்த சாறு. புட்டியில் அந்த எண் இல்லை என்றால் ஒப்பிடவே வழியில்லை.

கலப்படமும் உண்டு. பாஸ்டன் பகுதியில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை 2004இல் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. சில மரபுகளில் உலோகம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது, வேறு சிலவற்றில் மண்ணிலிருந்தோ அரைக்கும் இயந்திரத்திலிருந்தோ வருவது. மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈய குரோமேட் கலந்ததை வங்கதேசத்தில் கண்டுபிடித்தார்கள். மூலிகை நல்லதா என்பது ஒரு கேள்வி, கையில் இருக்கும் பொட்டலம் நல்லதா என்பது இன்னொன்று. உலோகச் சோதனை அறிக்கையைக் காட்டத் தயங்கும் தயாரிப்பாளரிடம் வாங்காதீர்கள்.

13. ஒரு பொருளை மட்டும் பிரிச்சா பலன் போயிடும், முழுச் செடியிலதான் சக்தின்னு சொல்றாங்களே?

சில செடிகளில் அது உண்மையாக இருக்கலாம், அதைச் சோதிக்கவும் முடியும். பச்சைத் தேயிலையின் பல பொருள் கலந்த சாற்றைப் பாலுறுப்பு மருக்களுக்குப் பூசும் களிம்பாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் அனுமதித்தது. குரோட்டன் மரத்தின் சிவப்புப் பாலிலிருந்து எடுத்த வயிற்றுப்போக்கு மருந்துக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. அதுவும் ஒற்றைப் பொருள் அல்ல, கலவை. ஆகவே கலவை என்பதற்காக யாரும் கதவைச் சாத்திவிடவில்லை. ஆனால் "முழுச் செடியில் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும்" என்பதை ஒவ்வொரு செடிக்கும் காட்ட வேண்டும். அரிஸ்டலோக்கியாவும் முழுச் செடிதான்.

14. மருந்துக் கம்பெனிங்கதான் மூலிகை ஆய்வை வளர விடறதில்லையாமே?

இதில் பாதி உண்மை. எல்லோருக்கும் தெரிந்த இலைக்குக் காப்புரிமை வாங்க முடியாது. காப்புரிமை இல்லாததில் கோடிகளைக் கொட்டத் தனியார் தயங்குவார்கள். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் 1995இல் ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் காட்டி வாதாடியதில் 1997இல் அது ரத்தானது. அது நியாயமான வெற்றி.

மீதிப் பாதிதான் சரியில்லை. ஆர்டிமிசினினைத் தேடியது ஓர் அரசு. ஜின்கோ சோதனைக்கும் பணம் கொடுத்தது அரசு. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்ததற்குக் காரணமும், 1960களில் அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனம் செடிகளைச் சேகரித்துச் சோதித்ததுதான். மூலிகைக்கு ஆய்வு வேண்டும் என்று நினைப்பவர்கள் கம்பெனியைத் திட்டுவதோடு நிற்காமல், பொதுப் பணத்தில் பெரிய சோதனைகள் கேட்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

15. ஒரு ஆய்வுக் கட்டுரை கிடைச்சா, நானே படிச்சுப் புரிஞ்சுக்க எதைப் பார்க்கணும்?

மனிதர்களா, எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள் என்பவற்றை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அடுத்து, எதை அளந்தார்கள் என்று பாருங்கள். ரத்தத்தில் ஒரு எண் இறங்குவது ஒன்று, மாரடைப்பு குறைவது இன்னொன்று. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது.

பிறகு, எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்தார்களா? இருபது விஷயங்களை அளந்தால், மருந்து வெறும் தண்ணீராகவே இருந்தாலும் ஏதோ ஒன்று தற்செயலாக "குறிப்பிடத்தக்க" பலனைக் காட்டிவிட நல்ல வாய்ப்பு உண்டு. அதை மட்டும் தலைப்பில் போட்டால் நமக்குத் தெரியாது. முன்பதிவு எண் கட்டுரையில் இருக்கும், அதை வைத்து முதலில் என்ன திட்டமிட்டார்கள் என்று யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வுக்குப் பணம் கொடுத்தவரே மாத்திரையை விற்கிறாரா என்பதைக் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். விற்பவர் நடத்தியதாலேயே பொய் ஆகிவிடாது, இன்னொரு குழுவும் கண்டதா என்று தேட வேண்டும், அவ்வளவுதான்.

16. இவ்வளவும் சொல்றீங்க, நல்ல சான்று இருக்கிறது எதுக்குத்தான்?

மலச்சிக்கலுக்கு இசப்கோலும் நிலாவாரையும். நிலாவாரை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. இசப்கோல் கெட்ட கொழுப்பையும் சற்றுக் குறைக்கும். கர்ப்ப கால லேசான குமட்டலுக்கு இஞ்சி. குடல் எரிச்சல் நோய்க்குப் புதினா எண்ணெய் அடைத்த குளிகை (கேப்சூல்). லேசான மனச்சோர்வுக்குச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், 10இல் சொன்ன எச்சரிக்கையோடு.

அசுவகந்தா நடுவில் நிற்கிறது. மன அழுத்தமும் தூக்கமும் ஓரளவு சீராவதாகச் சொல்லும் சோதனைகள் இருக்கின்றன, பெரும்பாலும் சிறியவை, இரண்டு மூன்று மாதங்களில் முடிந்தவை. கல்லீரல் பாதிப்பு அறிக்கைகளும் உண்டு, தைராய்டு அளவையும் மாற்றலாம். டென்மார்க் 2023இல் தடையே போட்டது. கர்ப்பிணிகளுக்கு அறவே வேண்டாம். பொதுவாகவே கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் குழந்தைகளுக்கும் செறிவூட்டிய மூலிகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வேன். அவர்களிடம் சோதனை நடந்திருப்பது மிகவும் அரிது.

17. மூலிகை சாப்பிடறேன்னு சொன்னா டாக்டர் திட்டுவாரே. சொல்லாம இருந்தா என்ன?

திட்டினாலும் சொல்லுங்கள். கல்லீரல் நொதி ஏன் ஏறியது, ரத்த அழுத்த மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் ஊகித்துக்கொண்டே இருப்பார், விடை உங்கள் அலமாரியில் இருக்கும். "மூலிகை" என்று பொதுவாகச் சொல்லாமல் புட்டியையே எடுத்துப் போங்கள். பொடியாக இருந்தால் உறையோடு. எப்போது தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போகும்போதும் இதே மாதிரி, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொடுங்கள்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, காரணம் தெரியாமல் அரிப்பும் அசதியும் வந்தாலோ, மூலிகையை அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மீதிப் பொடியைக் கொட்டிவிட வேண்டாம். அதில் என்ன இருந்தது என்று சோதிக்க அது தேவைப்படும்.